செயலிப் பிணைப்பு

செயலிப் பிணைப்பு என்பது, பல்கருச் செயலி கொண்ட கணினியில் ஒரு நிரல் குறிப்பிட்ட கருக்களில் மட்டுமே இயங்குமாறு வரையறுத்தல் ஆகும். வரையறை எதுவும் இல்லாதபோது, நிரல் இயங்கும் கருவை இயங்குதளமே தெரிவு செய்கின்றது.

பயன்

பெரும்பாலான செயலிகளில் ஒவ்வொரு கருவும் தனக்கெனச் சிறிய, விரைவான கேச் நினைவகத்தைக் கொண்டுள்ளது. நிரலொன்று வேறு கருவுக்கு மாற்றப்பட்டால், அது பயன்படுத்திவந்த தரவுகள் பழைய கருவின் கேச் நினைவகத்திலேயே தங்கிவிடுகின்றன. அவற்றைப் புதிய கரு மீண்டும் பெறவேண்டும். பிணைப்பு இத்தாமதத்தைத் தவிர்க்கின்றது.

செயற்படுத்தல்

லினக்சில் இதற்கான முறைமை அழைப்புகள் 2002 ஆம் ஆண்டில், கெர்னலின் 2.5.8 பதிப்பில் அறிமுகமாயின. டாஸ்க்செட் கட்டளை மூலமும் பிணைக்கலாம். விண்டோசில் டாஸ்க் மேனேஜர் இவ்வசதியைத் தருகின்றது. கருக்கள் 0 முதல் எண்ணிடப்படுகின்றன. இரும எண்ணொன்றின் ஒவ்வோர் இலக்கமும், வலமிருந்து இடமாக, ஒரு கருவைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 0101 என்பது 0, 2 ஆகிய கருக்களை மட்டும் அனுமதிக்கின்றது.

குறைபாடுகள்

பிணைப்பு, பிற நிரல்களை அக்கருவிலிருந்து விலக்குவதில்லை. அக்கருவில் வேலைப்பளு மிகுந்திருந்தால், ஏனைய கருக்கள் ஓய்வாக இருந்தாலும் பிணைக்கப்பட்ட நிரல் காத்திருக்க நேரிடும். மேலும், தற்கால இயங்குதளங்கள் இயன்றவரை ஒரு நிரலை அதன் முந்தைய கருவிலேயே இயக்க முயல்கின்றன. இது மென்பிணைப்பு எனப்படும். எனவே, வேகத்தை இருவகையிலும் அளந்து ஒப்பிட்ட பின்னரே பிணைத்தல் பொருத்தமானது.