திங்கட்கிழமை இறுக்கம்: கோவை மில்களும் பஞ்சுத் தூசியும்

கோயமுத்தூர் மில்களின் வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு மூன்று கதைகள் சுலபமாகக் கிடைக்கும். ஒன்று, முதலாளிகளின் கதை. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில், 1910-ல் குப்புசாமி நாயுடு ஆரம்பித்த லட்சுமி மில் என்று அது போகும். இரண்டாவது, கரண்ட் வந்த கதை. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வரிசையாக மில்கள் முளைத்ததைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது, போராட்டக் கதை. 1946 ஜனவரி 8-ம் தேதி கோவை ஜெயிலில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நால்வரை நம்ம ஊரில் இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

கூலி, போனஸ், வேலை நேரம் எல்லாவற்றுக்கும் இந்தக் கதைகளில் இடம் உண்டு. அந்த வேலை நேரம் முழுக்க உள்ளே இழுத்த காற்றுக்கு மட்டும் ரொம்பக் கொஞ்சம்தான் இடம். இந்தக் கட்டுரை அந்தக் காற்றைப் பற்றியது. நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர்காரன். ஆனால் இந்த நோயின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது மருத்துவப் பிரச்சினையாக இருக்கும் அளவுக்குப் பதிவேட்டுப் பிரச்சினையும் கூட என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

கரித்தூசியும் பஞ்சுத் தூசியும்

தூசியால் நுரையீரல் கெடுவது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நிலக்கரிச் சுரங்கம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய் அங்கேயே தங்கிவிடும். வருடக்கணக்கில் சேர்ந்து, சுற்றிலும் தழும்பு கட்டும். எக்ஸ்ரே எடுத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். முற்றினால் புள்ளிகள் ஒன்று சேர்ந்து பெரிய கட்டிகளாகவே தெரியும். ஆள் வாயைத் திறக்காவிட்டாலும் படம் சொல்லிவிடும்.

நம்ம பக்கம் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. இங்கே பல தலைமுறைகள் தூசிக்குள் இறங்கி வேலை செய்த இடம் பஞ்சாலை. பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்கு பைசினோசிஸ் என்று பெயர். 1877-ல் பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் ப்ரூஸ்ட் வைத்த பெயர் இது. நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட்டின் அப்பாதான் இவர். அந்த மகன் வாழ்நாள் முழுக்க ஆஸ்துமாவில் இளைத்தவர் என்பது வேறு கதை.

பைசினோசிஸ் எக்ஸ்ரேயில் தனக்கென்று எந்த அடையாளத்தையும் விடாது. ஆரம்பக் கட்டத்தில் படம் சுத்தமாக இருக்கும். முற்றிய பிறகு எடுத்தாலும் நாள்பட்ட சளி நோய் மாதிரியோ, பீடி குடித்துக் கெட்ட நுரையீரல் மாதிரியோதான் தெரியும். அப்படியென்றால் இதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கிழமை பார்த்து வரும் நோய்

எங்க வேலையில் ஒரு புரோகிராம் மக்கர் செய்தால், என்ன பிழை என்று பார்ப்பதோடு நிறுத்த மாட்டோம். எப்போது வருகிறது என்று லாக் ஃபைலைத் திறந்து பார்ப்போம். ராத்திரி 12 மணிக்கு மட்டும் வருகிறதா, சர்வரை நிறுத்தி ஓடவிட்ட உடனே வருகிறதா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பைசினோசிஸும் நேரத்தை வைத்துப் பிடிக்க வேண்டிய நோய். ஞாயிற்றுக்கிழமை லீவு. திங்கட்கிழமை காலையில் ஷிப்டுக்குப் போகிறவர் நல்லாத்தான் போவார். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து நெஞ்சு இறுகும், இருமல் வரும், மூச்சு முட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குறையும். செவ்வாய்க்கிழமை பரவாயில்லை. புதன், வியாழன் ஒன்றும் இருக்காது. அடுத்த திங்கட்கிழமை திரும்ப வரும்.

காரணம் பஞ்சுநார் இல்லை, அதனுடன் வரும் குப்பை. பருத்திக் காயைச் சுற்றியிருக்கும் செதில், இலைத்தூள், அவற்றில் ஒட்டி வளரும் பாக்டீரியா எல்லாம் பேலுக்குள் சேர்ந்தே வருகின்றன. அந்த பாக்டீரியாவின் மேலுறையில் எண்டோடாக்சின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மூச்சுக்குழாயைச் சுருக்குவதில் அதற்குத்தான் பெரிய பங்கு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தினமும் அந்தக் காற்றிலேயே இருந்தால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது. லீவில் அந்தப் பழக்கம் கலைந்துவிடுகிறது. அதனால்தான் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் அடி பலமாக விழுகிறது.

1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங், கிழமையை வைத்தே இந்த நோயைப் படிப்படியாகப் பிரித்தார். எப்போதாவது ஒரு திங்கட்கிழமை மட்டும் இறுக்கம் வந்தால் அரைப் படி. எல்லாத் திங்கட்கிழமையும் வந்தால் முதல் படி. மற்ற நாட்களுக்கும் பரவினால் இரண்டாம் படி. நுரையீரலின் திறனே நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மூன்றாம் படி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆரம்பப் படிகளில் இருப்பவரைத் தூசி இல்லாத டிபார்ட்மெண்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடலாம். மூன்றாம் படிக்குப் போனால் முழுதாகத் திரும்ப வழி இல்லை. முதல் சில வருடங்களில் யாராவது ஒருவர் "உங்களுக்கு எந்தக் கிழமை மூச்சு முட்டுது?" என்று கேட்டாரா இல்லையா என்பதில்தான் ஒரு மனிதரின் கடைசி இருபது வருடம் தொங்குகிறது.

கேட்டவர்களும் கேட்காதவர்களும்

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று நோயாளியிடம் கட்டாயம் கேட்க வேண்டும் என்று 1700-லேயே எழுதி வைத்தவர் இத்தாலிய மருத்துவர் ராமாசினி. சணல் சிக்கெடுப்பவர்களின் இருமலைப் பற்றியும் அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1831-ல் மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் கே, நூற்பாலைத் தொழிலாளர்களின் நெஞ்சு நோயை விவரித்தார். ஆனால் பிரிட்டனில் இதற்கு இழப்பீட்டுத் திட்டம் வந்தது 1941-ல்தான். நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அமெரிக்காவில் இந்த நோய் எங்கள் நாட்டில் இல்லவே இல்லை என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன்பின் ஆய்வுகள் வந்தன. ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். 1978-ல் நூற்புப் பகுதிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் பஞ்சுத் தூசிக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. செலவு அதிகம் என்று மில் முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1981-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. புது மெஷின்களும் தூசியை உறிஞ்சும் குழாய்களும் வந்தன, நோயும் வேகமாகக் குறைந்தது.

இந்தியாவில் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பைசினோசிஸையும் நிலக்கரிச் சுரங்க நோயையும் சேர்த்தே வைத்திருந்தது. நோயைக் கண்டறியும் டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றும் அதில் இருந்தது. இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் இது இருந்தது. அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் மில்களுக்குள் போய் ஆய்வு செய்திருக்கிறது. கோவைக்கு 1955-லேயே இ.எஸ்.ஐ. வந்துவிட்டது. 1956-ல் நூற்பாலைகளுக்கென்றே சிட்ரா என்ற ஆராய்ச்சி நிலையமும் வந்தது.

இவ்வளவு இருந்தும் மில்காரக் குடும்பங்களில் "பைசினோசிஸ்" என்று சொன்னால் அது என்னங்க என்று கேட்பார்கள். எங்க சொந்தத்தில் ஒரு பெரியப்பா. பீளமேடு பக்கம் ஒரு மில்லில் 26 வருடம் கார்டிங்கில் இருந்தார். ப்ளோ ரூமில் உதறி வரும் பஞ்சைச் சீவி இழையாக்கும் பகுதி அது. மில்லிலேயே தூசி அதிகமான இடங்களில் ஒன்று. கடைசிக் காலத்தில் அவரால் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க முடியாது. பெரியம்மா எடுத்து வைத்திருந்த சீட்டுகளை ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து பார்த்தேன். இளைப்பு, சளி, ஆஸ்துமா என்று மூன்று விதமாக எழுதியிருந்தது. ஒரு சீட்டில் டிபி சந்தேகம் என்று இருந்தது. தொழில் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: கூலி. எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை வருடம் என்பது எதிலுமே இல்லை.

அந்த டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெருந்துறை சானடோரியத்தை அறிந்த ஊர் இது. இருமல் என்று வந்தால் முதலில் டிபியா என்று பார்த்தாக வேண்டும், அது சரிதான். மில்லில் இருந்தவருக்கு வரும் இளைப்பு எல்லாமே பைசினோசிஸும் இல்லை. பீடி சேர்ந்தால் இரண்டும் கலந்து சேதம் கூடும். ஆனால் தொழில் என்ற கட்டத்தில் "கூலி" என்று எழுதியதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இப்போது திங்கட்கிழமை எது?

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். பெரிய மில்களில் நவீன மெஷின்கள் வந்து தூசி குறைந்திருப்பது உண்மை. அதே சமயம் கழிவுப் பஞ்சையும் பனியன் வேஸ்ட்டையும் அரைத்து நூலாக்கும் ஓ.இ. மில்கள் கொங்குப் பகுதியில் நிறைய இருக்கின்றன. அந்தச் சரக்கில் தூசி கூடத்தான் இருக்கும்.

வேலை செய்கிறவர்களும் மாறிவிட்டார்கள். பெரியப்பா காலத்தில் ஒரே மில்லில் 26 வருடம் இருக்கலாம். அதற்குப் பின்னால் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தென் மாவட்டங்களிலிருந்து இளம்பெண்கள் மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்து, ஹாஸ்டலில் தங்கி வேலை செய்து, ஊருக்குப் போனார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள். நுரையீரல் சேதம் முற்ற வருடங்கள் ஆகும். அது தெரிய வரும்போது அவர்கள் எந்த ஊரில் இருப்பார்களோ, அங்கே இருக்கும் டாக்டருக்குக் கோவை மில்லோடு என்ன சம்பந்தம் தெரியும்? லாக் ஃபைல் ஒரு ஊரிலும் எர்ரர் இன்னொரு ஊரிலும் கிடக்கிறது.

இன்னொரு சிக்கல், வார லீவு எல்லாருக்கும் ஞாயிறாக இருப்பதில்லை. செக்‌ஷன் வாரியாக லீவு மாறும் இடத்தில் "திங்கட்கிழமை முட்டுதா?" என்று கேட்டால் பதில் தப்பாகத்தான் வரும். "லீவு முடிஞ்சு போற முதல் நாள் எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும்.

ஷாங்காயில் 1981-ல் தொடங்கி, பஞ்சாலைத் தொழிலாளர்களையும் பட்டாலைத் தொழிலாளர்களையும் இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து ஊதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேலையை விட்டு, தூசியிலிருந்து விலகிய பிறகு நுரையீரல் ஓரளவு தேறுவதையும் அதில் பார்த்தார்கள். கருவி ஒன்றும் பிரமாதமில்லை. ஸ்பைரோமீட்டரில் முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று அளப்பதுதான். வேலைக்குச் சேரும் அன்றைக்கு ஒரு தடவை, லீவு முடிந்த முதல் நாள் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம். இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வீட்டில் மில்லுக்குப் போன பெரியவர்கள் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். எந்த மில், எந்த டிபார்ட்மெண்ட், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, லீவு முடிந்த முதல் நாள் நெஞ்சு எப்படி இருக்கும், பீடி சிகரெட் உண்டா என்று ஒரே தாளில் எழுதி, மருத்துவச் சீட்டுகளோடு வையுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள். இப்போது மில்லில் இருப்பவர்கள் என்றால் இன்னும் அவசரம். அவர்களுக்குத் தேற நேரம் இருக்கிறது.