பிடிவிசைக் கட்டுப்பாடு

பிடிவிசைக் கட்டுப்பாடு என்பது ஒரு பொருளைக் கையால் எடுக்கும்போதும், தூக்கிப் பிடித்திருக்கும்போதும், இடம் மாற்றும்போதும் விரல்கள் அதன்மீது செலுத்தும் அழுத்து விசையை நரம்பு மண்டலம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் செயற்பாடு ஆகும். விசை குறைந்தால் பொருள் நழுவி விழும். கூடினால் பொருள் நசுங்கும், தசை சோர்வடையும், நாளடைவில் தோலுக்கும் கேடு விளையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கை எப்போதும் தானாகவே கண்டுகொள்கிறது. இதற்குத் தசை வலிமையைவிடத் தொடு உணர்வே முதன்மையானது.

இச்செயற்பாடு 1980களில் ஆய்வுக்கூடங்களில் நுட்பமாக அளக்கப்பட்டது. ஆனால் உணர்வற்ற கை தன் விசையை அறியாது என்பது, அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஒரு தொழுநோய் மருத்துவமனையில் கண்கூடாகத் தெரியவந்தது.

இயற்பியல் அடிப்படை

ஒரு குவளையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துத் தூக்கும்போது இரண்டு விசைகள் செயற்படுகின்றன. பொருளின் பக்கங்களை விரல்கள் அழுத்தும் விசை பிடிவிசை எனப்படும். பொருளை மேல்நோக்கித் தூக்கும் விசை சுமைவிசை எனப்படும். குவளையைக் கீழே விழாமல் தாங்குவது விரல் தோலுக்கும் குவளைக்கும் இடையே உள்ள உராய்வு ஆகும். இவ்வுராய்வின் பெரும அளவு, பிடிவிசையை உராய்வுக் கெழுவால் பெருக்கக் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 200 கிராம் நிறையுள்ள ஓர் எவர்சில்வர் குவளையின் எடை ஏறத்தாழ 2 நியூட்டன் ஆகும். இரு விரல்களும் இதைச் சமமாகத் தாங்கினால் ஒவ்வொரு விரலுக்கும் 1 நியூட்டன் சுமை வரும். உராய்வுக் கெழு 0.5 எனக் கொண்டால் ஒவ்வொரு விரலும் குறைந்தது 2 நியூட்டன் விசையுடன் அழுத்த வேண்டும். குவளையில் எண்ணெய் பட்டு உராய்வுக் கெழு 0.25 ஆகக் குறைந்தால், எடை மாறாவிட்டாலும், தேவையான பிடிவிசை 4 நியூட்டனாக இரட்டிக்கும். எனவே சரியான பிடிவிசையை அமைக்கக் கைக்குப் பொருளின் எடை மட்டுமன்றி, அதன் மேற்பரப்பு எவ்வளவு வழுக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எடையைப் பழக்கத்தால் ஊகிக்கலாம். வழுக்கும் தன்மையைத் தொட்ட பின்னரே உறுதியாக அறிய முடியும்.

பாதுகாப்பு வரம்பு

சுவீடனின் உமியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலண்ட் யோகான்சன், கோரன் வெஸ்ட்லிங் ஆகியோர் 1984 இல் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையின் அடித்தளமாகக் கருதப்படுகின்றன. விசையை அளக்கும் கருவி பொருத்திய ஒரு சிறு பொருளின் பக்கங்களில் உப்புத்தாள், மெருகேற்றாத தோல், பட்டு ஆகியவற்றை மாற்றி மாற்றி ஒட்டி, அதைத் தூக்குமாறு பங்கேற்பாளர்களிடம் கூறினர். பட்டு மிகுதியாக வழுக்குவதால் அதைப் பிடிக்க மிகுந்த விசை தேவைப்பட்டது. உப்புத்தாளுக்குக் குறைந்த விசையே போதுமானதாக இருந்தது.

இவ்வாய்வுகளிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாயின. முதலாவது, பிடிவிசையும் சுமைவிசையும் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் இணையாகவே உயர்கின்றன. இரண்டாவது, பொருள் நழுவாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச விசையைவிடச் சற்றே கூடுதலான விசையை மட்டுமே கை செலுத்துகிறது. இக்கூடுதல் அளவு பாதுகாப்பு வரம்பு எனப்படும். உடல்நலமுள்ளவர்களிடம் இது பெரும்பாலும் 10 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும்.

தோலில் உள்ள உணர்வாங்கிகள்

ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்பக்கத்திலும் சேர்த்து ஏறத்தாழ 17,000 தொடு உணர்வு நரம்பிழைகள் உள்ளன. விரல் நுனிகளில் இவை மிக நெருக்கமாக அமைந்துள்ளன. இவை நான்கு வகைப்படும்.

- மைசனர் நுண்கூறுகளைச் சார்ந்தவை: தொடுகை தொடங்குவதையும், தோலுக்கும் பொருளுக்கும் இடையே நிகழும் மிகச்சிறு வழுக்கலையும் உணர்த்துகின்றன.
- மெர்க்கல் வட்டுகளைச் சார்ந்தவை: நீடித்த அழுத்தத்தையும், விளிம்பு, மேடு பள்ளம் போன்ற வடிவ நுட்பங்களையும் உணர்த்துகின்றன.
- பசீனியன் நுண்கூறுகளைச் சார்ந்தவை: நுண்ணிய அதிர்வுகளை உணர்த்துகின்றன. தூக்கிய பொருள் தரையை விட்டு மேலெழும் கணத்தை இவை அறிவிக்கின்றன.
- ரஃபினி முனைகளைச் சார்ந்தவை எனக் கருதப்படுபவை: தோல் இழுபடுவதை உணர்த்துகின்றன.

பிடித்த பொருள் நழுவத் தொடங்கினால் ஏறத்தாழ 70 முதல் 80 மில்லிநொடிகளில் பிடிவிசை உயர்கிறது. இது எண்ணிச் செய்யும் செயலைவிட விரைவானது. பல வேளைகளில் பொருள் நழுவியதையே மனிதர் அறிவதில்லை. அதற்குள் கை அதை இறுக்கிப் பிடித்துவிடுகிறது.

முன்கணிப்பு

நரம்புச் செய்தி தோலிலிருந்து புறப்பட்டுத் தசை இயங்குவதற்குக் காலம் பிடிக்கும். எனவே தவறு நேர்ந்த பின் திருத்துவது மட்டும் போதாது. மூளை, நிகழப்போவதை முன்கூட்டியே கணித்துப் பிடிவிசையை அமைக்கிறது.

நீர் நிறைந்தது என்று எண்ணிக் காலிக் குடத்தைத் தூக்குபவரின் கை திடீரென மேலே செல்வது இக்கணிப்பு தவறியதன் விளைவே ஆகும். கையில் உள்ள பொருளை வேகமாக மேலும் கீழும் அசைக்கும்போது, அதன் முடுக்கத்தால் சுமை கூடிக் குறைகிறது. பிடிவிசையும் காலந்தாழ்த்தாமல் அதே கணத்தில் கூடிக் குறைவதை பிளானகன், விங் ஆகியோர் 1990களில் அளந்து காட்டினர். இக்கணிப்பில் சிறுமூளைக்கு முக்கியப் பங்கு உண்டு. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்கள் தேவைக்கு மிகுதியான விசையுடன் பிடிப்பதுண்டு.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு காகிதக் குவளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் குவளை பெரிதும் அசையாது. கண்ணை மூடிக்கொண்டு வேறொருவரைப் போடச் சொன்னால் குவளை கீழே தணிந்து மீளும். முதல் முறை, பழம் விழும் முன்பே கை இறுகிவிடுகிறது. இரண்டாம் முறை, விழுந்த பின்னரே இறுகுகிறது.

வயதும் பிடிவிசையும்

இத்திறன் பிறவியிலேயே முழுமையாக அமைவதில்லை. ஒரு வயதுக் குழந்தை பொருளை முதலில் அழுத்திப் பிடித்து, பல வேளை அதைத் தரையோடு சேர்த்து அமுக்கிய பின்னரே தூக்குகிறது. பிடிவிசையும் சுமைவிசையும் இணையாக உயரும் முறை சில ஆண்டுகளில் படிப்படியாக அமைகிறது. ஏறத்தாழ எட்டு வயதில் அது பெரியவர்களின் முறையை நெருங்குகிறது. முதுமையில் தோலின் ஈரப்பசை குறைவதாலும் தொடு உணர்வு மங்குவதாலும் பலர் தேவைக்கு மேற்பட்ட விசையுடன் பிடிக்கின்றனர்.

உணர்விழந்த கை

விரல்களுக்கு மரத்துப்போகும் மருந்து செலுத்திச் செய்யப்பட்ட சோதனைகளில், தசைகளின் வலிமை குறையாதிருந்தும் பங்கேற்பாளர்கள் வழக்கத்தைவிட மிகுதியான விசையுடன் பொருளைப் பிடித்தனர். மேற்பரப்பு மாறியபோது அதற்கேற்ப விசையை மாற்ற அவர்களால் இயலவில்லை. தகவல் கிடைக்காதபோது கை இறுக்கத்தையே நாடுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. சில மணி நேரச் சோதனையில் இது ஒரு சிறு இடர்ப்பாடு மட்டுமே. வாழ்நாள் முழுதும் இந்நிலை நீடித்தால் அதன் விளைவு கடுமையானது. தொழுநோயில் நிகழ்வது இதுவே ஆகும்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

தொழுநோய் உண்டாக்கும் நுண்ணுயிரியை 1873 இல் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் கண்டறிந்தார். இந்நுண்ணுயிரி தோலையும் புற நரம்புகளையும் தாக்குகிறது. முழங்கையின் உட்புறம் செல்லும் அல்நார் நரம்பும், மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பும் பாதிக்கப்பட்டால் கையில் உணர்வு அற்றுப்போகும். உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழப்பதால் விரல்கள் மடங்கி நகம்போல் வளையும்.

கொல்லிமலையில் 1914 இல் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டளவில், தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பின்பேரில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிட்டார். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருந்தது.

அங்கு விரல்கள் வளைந்திருந்த நோயாளி ஒருவரிடம், தம் கையை முடிந்த அளவு இறுக்கிப் பிடிக்குமாறு பிராண்ட் கூறினார். வலுவற்ற பிடியையே அவர் எதிர்பார்த்தார். மாறாக, வலி தாங்காமல் அவர் கையை விடுமாறு கேட்க நேர்ந்தது. தாம் வலி உண்டாக்குவதை அந்நோயாளி அறியவே இல்லை.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளைக் காட்டியது. விரல்களை மடக்கும் முன்கைத் தசைகள் நோயால் கெடாமல் வலிமையுடன் இருக்கின்றன என்பது ஒன்று. அவ்வலிமையை அளந்து செலுத்தும் உணர்வு அக்கையில் இல்லை என்பது மற்றொன்று. முதல் உண்மையிலிருந்து, நல்ல நிலையில் உள்ள தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவம் வேலூரில் வளர்ந்தது. இரண்டாம் உண்மை, கைகளைக் காக்கும் பயிற்சிக்கு வழிவகுத்தது.

விரல்கள் குறுகுவது ஏன்

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. அது உண்மையன்று. உணராமல் ஏற்படும் தீப்புண், வெட்டு, மிகை அழுத்தம் ஆகியவையும், அவற்றில் ஏற்படும் தொற்றுமே எலும்பு தேய்ந்து விரல்கள் குறுகக் காரணம் என்று பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும் எடுத்துக்காட்டினர். துருப்பிடித்த பூட்டைப் பெரியவரான தம்மால் திறக்க இயலாதபோது, ஒரு நோயாளிச் சிறுவன் சாவியை எளிதில் திருகித் திறந்ததையும், அப்போது சாவி அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்ததையும் பிராண்ட் தம் நூலில் பதிவு செய்துள்ளார். சிறுவன் மிகுந்த வலிமை உடையவன் அல்லன். நிறுத்தச் சொல்லும் வலி அவனுக்கு இல்லை.

விசையைக் குறைக்க இயலாவிடில், அது விழும் பரப்பைக் கூட்டலாம். 20 நியூட்டன் விசை அரைச் சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழுந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 நியூட்டன் அழுத்தம் உண்டாகும். அதே விசை 5 சதுர சென்டிமீட்டரில் பரவினால் அழுத்தம் 4 நியூட்டனாகக் குறையும். எனவே உணர்விழந்த கைகளை உடையோருக்கு மெல்லிய பிடிகளைத் தவிர்த்துத் தடித்த, வழவழப்பான பிடிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. ஏரிப்பாசன நிலங்களில் கதிர் அறுப்பவரின் அரிவாள், மண்வெட்டி, அடுப்படிக் கரண்டி ஆகியவற்றின் பிடியில் துணி அல்லது ரப்பர் சுற்றுவது எளிய பாதுகாப்பு ஆகும். சூடான பாத்திரத்தை இடுக்கியால் எடுப்பதும், நாள்தோறும் கைகளைக் கண்ணால் சோதித்துச் சிவப்போ கொப்புளமோ உள்ளதா எனப் பார்ப்பதும், நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவதும் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. தோல் தராத செய்தியைக் கண் தருகிறது.

திருமணி மருத்துவமனை 1955 இல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றப்பட்டது. தொழுநோய்க்கு 1980களின் தொடக்கம் முதல் கூட்டு மருந்து மருத்துவம் வழங்கப்படுகிறது; நோய் முற்றிலும் குணமாகிறது. எனினும் அழிந்துவிட்ட நரம்பின் உணர்வு பெரும்பாலும் மீள்வதில்லை. தோலில் உணர்வற்ற தேமல் தென்பட்டவுடன் மருத்துவரை அணுகுவது கையைக் காக்கும் முதல் வழி ஆகும். நாட்பட்ட நீரிழிவாலும் நரம்புகள் கெட்டு உணர்வு குன்றக்கூடும் என்பதால், இப்பாதுகாப்பு முறைகள் அந்நோயாளிகளுக்கும் பொருந்தும்.

செயற்கை உணர்வு

பிராண்ட் 1966 இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு அவரது குழுவினர், அழுத்தம் அளவு மீறினால் ஒலி எழுப்பும் உணர்விகள் பொருத்திய கையுறைகளை உருவாக்கினர். ஒலியைப் பலர் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஒலிக்கு மாறாகச் சிறு மின்னதிர்ச்சி தரப்பட்டது. வேலையை முடிக்க விரும்பியவர்கள் கருவியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். இறுதியில் இம்முயற்சி கைவிடப்பட்டது.

இன்றைய செயற்கைக் கைகளிலும் எந்திரக் கைகளிலும் அழுத்தத்தையும் வழுக்கலையும் அறியும் உணர்விகள் பொருத்தப்படுகின்றன. வலிய மோட்டாரை அமைப்பது எளிது. ஒரு முட்டையை உடைக்காமலும் நழுவவிடாமலும் எடுக்கச் செய்வதே அரிது. மனிதக் கையோ அதை எண்ணாமலே செய்கிறது.

இவற்றையும் பார்க்க

உராய்வு
தொடு உணர்வு
சிறுமூளை
தொழுநோய்
பால் பிராண்ட்