தார் படாத ரோட்டுகள்: கியாந்தி மலைகளின் சைக்கிள் வரலாறு

இத்தாலியில் புளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடையில் கிடக்கிற மலைப்பகுதிதான் கியாந்தி. அந்தப் படங்களை நீங்கள் எங்கையாவது கண்டிருப்பீங்கள். குன்றுக்கு மேல ஒரு கல்வீடு, சரிவு முழுக்க திராட்சைக் கொடி (எங்கட ஊர்ப் பக்கம் முந்திரிகை எண்டு சொல்லுவம்), நடுவில வளைஞ்சு வளைஞ்சு ஏறுகிற வெள்ளை நிற கிரவல் ரோட்டு. அந்த ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற சைக்கிள்காரர்கள்.

இன்றைக்கு உலகத்தின் பல நாடுகளில் இருந்து ஆட்கள் காசு கட்டி வந்து அந்த ரோட்டில் சைக்கிள் உழக்குகிறார்கள். ஆனால் ஒரு கேள்வியை அவர்களில் எத்தனை பேர் கேட்கிறார்களோ தெரியாது. ஐரோப்பாவின் பணக்கார நாடுகளில் ஒன்றில், இவ்வளவு பேர் வந்து போகிற ஒரு இடத்தில், ஏன் இந்த ரோட்டுகளுக்கு மட்டும் தார் போடவில்லை?

வடிவுக்காக விட்டு வைத்தார்கள் என்று நினைத்தால் அது பிழை. அந்த வெள்ளை நிறத்துக்குப் பின்னால் ஒரு வறுமையின் வரலாறு இருக்கிறது.

பாதிக்குப் பாதி

கியாந்தி வைனின் பெயர் பழையது. 1716 இலேயே டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ டி மெடிச்சி, எந்த எல்லைக்குள் விளைந்ததைக் கியாந்தி என்று சொல்லலாம் என ஓர் ஆணை போட்டார். 19ஆம் நூற்றாண்டில் பெத்தீனோ ரிக்காசோலி என்ற பிரபு, கையோலே ஊருக்கு அருகில் உள்ள தன்னுடைய புரோலியோ கோட்டையில் இருந்துகொண்டு, எந்தத் திராட்சையை எப்படிக் கலந்தால் நல்ல கியாந்தி வரும் என்று ஆராய்ந்தார். இத்தாலி ஒன்றுபட்ட பிறகு 1861 இல் அந்த நாட்டின் இரண்டாவது பிரதமராக வந்தவரும் அவர்தான். வைன் போத்தல்களின் கதையில் இப்படியான பெயர்கள் எல்லாம் வரும். கொடியை வெட்டி, கட்டி, சுமந்தவர்களின் பெயர்கள் வராது.

அவர்கள் 'மெட்சத்ரியா' என்ற முறைக்குள் வாழ்ந்தவர்கள். காணி பிரபுவுடையது, வீடும் அவருடையது, உழைப்பு குடும்பத்துடையது, விளைச்சலில் பாதி பாதி. எங்கட வாரக்குடி முறை மாதிரித்தான். மட்டக்களப்புப் பக்கம் போடியார் கதைகள் கேட்டு வளர்ந்த ஆட்களுக்கு இதைக் கனக்க விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பாதி என்று கேட்க நியாயம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பாதிக்கு மேல கோழியும் முட்டையும் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் குடும்பத்தலைவனான ஆணோடுதான். வயலிலும் வீட்டிலும் உழைத்த பெண்ணுக்குத் தனிக் கணக்கு இல்லை. வீட்டில் ஒரு கலியாணம் நடக்க வேண்டுமென்றாலும் காணிக்காரரிடம் கேட்க வேண்டி இருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் காணியோடு சேர்த்து வீடும் போகும்.

இந்தக் குடும்பங்கள் ஊருக்குள் கூட்டமாக இருக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தான் செய்கிற காணிக்கு நடுவில், தனிக் குன்றில், தனி வீட்டில் இருந்தது. அந்த வீட்டையும் பண்ணையையும் ஆலையையும் கோவிலையும் தொடுத்து மாட்டு வண்டிகள் போன பாதைகள்தான் இன்றைய வெள்ளை ரோட்டுகள். அந்த மலையில் சுண்ணாம்புக் கல் அதிகம். அதை உடைத்துப் போட்டதால்தான் இந்த நிறம். ரோட்டு நேராகப் போகாமல் குன்றுக்குக் குன்று ஏறி இறங்குவதற்கும் காரணம் அதுதான். தூர ஊருக்குக் கெதியாகப் போகிறதுக்குப் போட்ட ரோட்டு இல்லை அது, வீட்டுக்கு வீடு போகிறதுக்குப் போட்டது.

மூன்று கிழமை இடைவெளி

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வாரக்குடிகள் எழும்பினார்கள். வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1946 இல் பிரதமர் டி காஸ்பெரி கொடுத்த தீர்ப்பில் குடியானவரின் பங்கு 50 வீதத்தில் இருந்து 53 வீதமாகக் கூடியது. அவ்வளவு போராட்டத்துக்குக் கிடைத்தது 3 வீதம்!

1964 செப்டெம்பர் 15 இல் புதிய மெட்சத்ரியா ஒப்பந்தங்களைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு மூன்று கிழமைக்குள், ஒக்டோபர் 4 இல், மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கிற 'சூரிய நெடுஞ்சாலை' முழுதாகத் திறக்கப்பட்டது. அது கியாந்தி மலைகளுக்குக் கிழக்கே, கீழே பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது.

இந்த இரண்டு திகதிகளும் பக்கத்தில் வந்தது தற்செயல்தான். ஆனால் சேர்த்து வாசித்தால் ஒரு காலம் முடிகிற சத்தம் கேட்கும். சட்டம் வருவதற்கு முன்னமே இளம் ஆட்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் மாதச் சம்பளம், ஊரில் பாதி விளைச்சல். எதை எடுப்பார்கள்? 1950களிலும் 60களிலும் கியாந்தியின் குன்று வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாகின.

இத்தாலி முழுக்கத் தார் ஊற்றிக்கொண்டிருந்த காலமும் அதுதான். ஆட்கள் இல்லாத வீட்டுக்குப் போகிற ரோட்டுக்கு யார் தார் போடுவார்கள்? அந்த ரோட்டுகள் வெள்ளையாகவே கிடந்தன. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்போது ஒருவரும் நினைக்கவில்லை, எல்லாரும் மறந்துபோனார்கள், அவ்வளவுதான்.

உழைக்கிறவனின் வண்டி

இந்தக் கதையில் சைக்கிள் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பொழுதுபோக்கு அல்ல. அந்தக் கால இத்தாலியில் சைக்கிள்தான் உழைக்கிறவனின் வாகனம். டி சிக்காவின் 1948 ஆம் ஆண்டுப் படமான 'பைசிக்கிள் தீவ்ஸ்' பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சைக்கிள் களவு போனால் ஒரு குடும்பத்தின் சோறு போகும்.

பந்தய வீரர்களும் பெரும்பாலும் அப்படியான வீடுகளில் இருந்துதான் வந்தார்கள். ஜினோ பார்த்தாலி 1914 இல் பிறந்தது புளோரன்ஸுக்குத் தெற்கே, கியாந்திக்குப் போகிற வழியில் உள்ள பொன்தே ஆ எமா என்ற சின்ன ஊரில். கூலி வேலை செய்தவரின் மகன், சைக்கிள் கடையில் வேலை பழகியவர். டூர் து பிரான்ஸை 1938 இலும், பத்து வருடம் கழித்து 1948 இலும் வென்றார். நடுவில் போர்.

1943-44 இல், பயிற்சிக்கு ஓடுகிற மாதிரி புளோரன்ஸில் இருந்து அசிசி வரை சைக்கிளில் போய், ஒளிந்திருந்த யூதர்களுக்கான போலி அடையாளப் பத்திரங்களைச் சைக்கிளின் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டுபோனார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. 2013 இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவரை 'நேர்மையாளர்' என்று கௌரவித்தது. அந்த அசிசிப் பயணங்களுக்கு ஆதாரம் போதாது என்று கேள்வி கேட்கிற வரலாற்றாசிரியர்களும் இருக்கினம். பார்த்தாலி தன் வாயால் இதைப் பெரிதாக எங்கும் சொல்லித் திரியவில்லை. 2000 ஆம் ஆண்டு காலமானார்.

பழையது விலையாகிறது

1970களுக்குப் பிறகு காற்று மாறியது. வெறுமையான கல்வீடுகளை வெளிநாட்டுக்காரர் வாங்கினார்கள். ஆங்கிலேயர் அவ்வளவு பேர் வந்ததால் 'கியாந்திஷயர்' என்று பகிடியாகப் பெயரும் வந்தது. முன்பு கோதுமையும் ஒலிவும் கொடியும் கலந்து நின்ற காணிகளில், இயந்திரம் போகக்கூடிய மாதிரி நேர் வரிசையில் திராட்சை மட்டும் நட்டார்கள்.

1997 இல் ஜான்கார்லோ புரோச்சி என்பவர் கையோலேயில் 'லெரோய்கா' என்ற சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் வருடம் வந்தது 92 பேர். பந்தயம் இல்லை, முதல் பரிசும் இல்லை. நோக்கம் இரண்டு: மிச்சம் இருக்கிற வெள்ளை ரோட்டுகளைத் தாரில் இருந்து காப்பது, பழைய காலச் சைக்கிள் ஓட்டத்தின் கஷ்டத்தை ஞாபகப்படுத்துவது. 1987 க்கு முந்திய மாதிரிச் சைக்கிள்தான் வேண்டும். கியர் மாற்றுகிற பிடி பிரேம் குழாயில் இருக்க வேண்டும், காலைப் பெடலோடு வாரால் கட்ட வேண்டும்.

மிக நீளமான பாதை 209 கிலோமீற்றர். ஏறுகிற ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 3,500 மீற்றரைத் தாண்டும். பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான் என்று நினைத்துப் பாருங்கோ. வழியில் களைப்பாறுகிற இடங்களில் வைனும், பாணும் அவரையும் கீரையும் போட்ட ரிபொல்லீத்தா சூப்பும் கொடுப்பார்கள். மிஞ்சின பாணை வீசாமல் திரும்பக் காய்ச்சிக் குடித்த ஏழைகளின் சாப்பாடு அது.

2007 இல் இதில் இருந்து தொழில்முறைப் பந்தயம் ஒன்றும் பிறந்தது. இப்போது அதன் பெயரே 'ஸ்ட்ராடே பியாங்கே', வெள்ளை ரோட்டுகள். 2015 முதல் பெண்களுக்கான பந்தயமும் நடக்கிறது. முடிவு சியேனாவின் பெரிய சதுக்கத்தில். அதற்கு முன் நகருக்குள் 16 வீதம் வரை செங்குத்தான ஒரு கல் ஒழுங்கை. வென்றவர்களே அதில் தள்ளாடித்தான் ஏறுவார்கள்.

யாருடைய ஞாபகம்?

லெரோய்கா நல்ல வேலைதான் செய்தது. அது இல்லாவிட்டால் அந்த ரோட்டுகளில் பல இன்று காப்பெற் ரோட்டாகி இருக்கும். ஒருகாலத்தில் பின்தங்கின ஊர் என்பதற்கு அடையாளமாக இருந்த கிரவல், இன்று அதே ஊருக்கு வருமானம்.

ஆனால் 'வீரமிக்க' என்ற பொருள் கொண்ட அந்தப் பெயரை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் விசயம் இருக்கிறது. ஒரு நாள் அந்த ஏற்றத்தை உழக்கி முடித்தவருக்குப் படம் எடுத்துப் போட ஒரு கதை கிடைக்கிறது. முட்டைக் கூடையோடும் தானிய மூட்டையோடும் வருடக்கணக்காக அதே ஏற்றத்தில் ஏறியவர்கள், முடிந்தவுடன் அதை விட்டுப் போனவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் திரும்பி வரவில்லை. அவர்கள் போனதால்தான் ரோட்டு வெள்ளையாக இருக்கிறது.

ஒரு பாதையைக் காப்பாற்றுவது சுலபம், தார் போடாமல் விட்டால் போதும். அந்தப் பாதையில் ஏன் ஆட்கள் நடந்தார்கள், ஏன் விட்டுப் போனார்கள் என்பதைக் காப்பாற்றுவதற்கு யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். அடுத்த முறை மார்ச் மாதத்தில் அந்தப் பந்தயத்தை போனில் பார்க்கும்போது, வீரர்களை மட்டும் பார்க்காமல் குன்றுக்கு மேல தனியாக நிற்கிற அந்தக் கல்வீடுகளையும் ஒருக்கா பாருங்கோ.