கூலி என்னும் சொல்

ஆங்கில அகராதியிற் புகுந்த தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பேசுவோர், கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுதண்ணீரையும் பெருமையோடு எடுத்துரைப்பர். கூலி என்ற சொல்லை மட்டும் விரைந்து கடந்துவிடுவர். அந்தக் கூச்சத்திற்குக் காரணம் உண்டு.

தமிழிற் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படும் பொருள். வண்டிக்கூலி, செய்கூலி, அரவைக்கூலி என நாம் வழங்குவனவெல்லாம் காசையே குறிப்பன. காசைப் பெறும் மனிதனை அல்ல. அவனைக் கூலியாள் என்றோ கூலிக்காரன் என்றோதான் சொல்வோம். திருவள்ளுவரும் ஆள்வினையுடைமை அதிகாரத்திலே, உடல் வருந்த முயன்றவன் பெறும் பயனைக் கூலி என்றே குறித்தார். அங்கே இழிவின் நிழல்கூட இல்லை. சிங்களத்திலும் 'குலிய' என்பது வாடகைக்கும் கூலிக்கும் பெயர்.

ஆங்கிலத்திலோ அஃது ஆளின் பெயராகிவிட்டது. இதன் மூலம் யாது? யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886 இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி இரு வழிகளை ஆராய்கின்றது. ஒன்று, குசராத்தில் வாழும் கோலி என்னும் குடியினரின் பெயர். மற்றொன்று நமது தமிழ்ச்சொல். இரண்டும் கலந்திருத்தல் கூடும். ஆயினும், காசு பெற்று உழைப்பவன் என்ற பொருளுக்குத் தமிழின் துணையின்றி விளக்கம் கூறுதல் அரிது என்பதே என் எண்ணம். சீனர் இவ்வொலியைத் தம் மொழியிற் 'கசப்பு', 'வலிமை' எனப் பொருள்படும் இரண்டு எழுத்துக்களால் எழுதினர். எத்துணைப் பொருத்தம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிந்தபின், மொரீசியசு, நாத்தால் முதலிய இடங்களின் தோட்டங்களுக்கு இந்தியர் கப்பலேற்றப்பட்டனர். சொல்லும் உடன் சென்றது. சென்ற இடத்தில் வசையாயிற்று. 1893 இல் தென்னாபிரிக்கா சென்ற காந்தியடிகளைக் 'கூலி பாரிஸ்டர்' என்றழைத்தனர். பட்டம் பெற்ற வழக்கறிஞருக்குக் கூலியாள் என்னும் பொருள் எங்ஙனம் பொருந்தும்? இனத்தைச் சுட்டும் ஏளனமாகவே அது வழங்கியது.

இலங்கைக்கும் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், தமிழகத்தார் இதே பெயரோடு அழைத்து வரப்பட்டனர். நம்மிடமிருந்து கூலியைப் பெற்ற ஆங்கிலம், அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு லயன் என்ற சொல்லைக் கொடுத்தது.

கொழும்பின் கதையோ சற்று வேறு. கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் ஆங்கிலேயருக்குக் 'கூலிகளே'. அத்துறைமுகத் தொழிலாளர் 1927 இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். ஆறாண்டு கழித்து, 1933 இல், வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையிலும் வேலை நின்றது. அங்கு உழைத்தோரிற் பெரும்பகுதியினர் இந்திய வமிசாவளியினர். சிங்களத் தொழிலாளரும் உடனிருந்தனர். பின்னர் 1935 இல் லங்கா சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுக்குத் துணைநின்றார். ஊதியம் குறைக்கப்பட்டமையே பிணக்கு. அகராதி கூலி எனப் பெயரிட்ட மனிதர், வள்ளுவர் சொன்ன கூலியையே கேட்டு ஆலை வாயிலில் நின்றனர்.