நூலிழையளவு சதை

வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, கண் மூடவில்லை என்றுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். முகவாதம் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் மறுபக்கமும் கோணி, விடாத தலைவலியும் சேர்ந்து, எம்.ஆர்.ஐ.யில் மூளையுறை தடித்து ஒளிர்ந்தால், சார்காய்டோசிஸ் என்ற நோய் நரம்பு மண்டலத்தைத் தொட்டிருக்குமோ என்ற ஐயம் எழுகிறது. மண்டையோட்டைத் திறந்து சதை எடுப்பது ஆபத்து. அதனால் அதே நோயால் வீங்கியிருக்கக்கூடிய, சி.டி.யில் நெஞ்சின் நடுவே தெரியும் நிணநீர்க் கணுவைத் தேடிப் போகிறார்கள். மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் காட்டும் இடத்தில் ஊசி இறங்கி, நூலிழையளவு சதையோடு திரும்புகிறது.

அந்தத் துணுக்குக்கு இரண்டு குப்பிகள் வேண்டும். ஒன்றில் ஃபார்மலின், மற்றொன்றில் வெறும் சலைன். ஃபார்மலினில் விழுந்த சதையில் எந்தக் கிருமியையும் வளர்த்துப் பார்க்க முடியாது. இதே போன்ற வீக்கத்தை உண்டாக்கக்கூடிய காசநோய் இத்தனை மலிந்த நம் நாட்டில், அவசரத்தில் சலைன் குப்பியை மறப்பதை என்னால் சிறு தவறாக நினைக்க முடியவில்லை.

ஃபார்மலின் துணுக்கு மெழுகுக் கட்டிக்குள் உறைந்து, நான்கைந்து மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேறி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வருகிறது. தடுப்பணுக்கள் நெருங்கித் திரண்ட சிறு உருண்டைகள், கிரானுலோமாக்கள், தெரிகின்றன. 1899-இல் நார்வேயின் சீசர் போக் தோல் துண்டுகளில் இவற்றைப் பார்த்து, சார்கோமா என்ற புற்றுநோயை ஒத்திருப்பதாக எண்ணி 'சார்காய்டு' என்றார். சார்காய்டோசிஸ் புற்றுநோயே அல்ல. பெயரைக் கேட்டுக் கலங்கும் குடும்பங்களிடம் இதை முதலில் சொல்ல வேண்டும்.

காசநோய் உருண்டையின் நடுப்பகுதி பெரும்பாலும் பாலாடைக்கட்டிபோல் நைந்திருக்கும். சார்காய்டில் அப்படி நைவதில்லை. இந்த அடையாளம் மட்டும் போதாது. சலைனில் போன பாதியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று ஜீன்எக்ஸ்பர்ட்டில் சோதிக்கிறார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். பார்வையோ தண்டுவடமோ பழுதாகும் நிலையில் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. முதலில் மீத்தைல்பிரட்னிசோலோன் ட்ரிப், பிறகு மாதக்கணக்கில் மெல்லக் குறைக்கும் பிரட்னிசோலோன் மாத்திரை. அடங்காவிட்டால் மீத்தோட்ரெக்சேட், இன்ஃப்ளிக்ஸிமாப். இவை எல்லாமே நோய் எதிர்ப்பைத் தணிப்பவை. உள்ளே காசநோய் பதுங்கியிருந்தால் அதற்கு வழிவிடுபவை.

மெழுகுக் கட்டி எண்ணோடு பேத்தாலஜி அலமாரிக்குப் போகிறது. மருந்தைக் குறைக்கையில் முகம் மறுபடி கோணினால், அதே கட்டியிலிருந்து இன்னொரு சீவல் எடுத்துப் பார்ப்பார்கள்.