மூச்சு விட நேரமில்லாத பதினொரு பேர்

70 - 63. இது கூடைப்பந்து ஸ்கோர் அல்ல. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், 2012 செப்டம்பர் 29 அன்று, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் சொந்த மைதானத்தில் பெய்லர் பல்கலைக்கழகத்தை வென்ற ஸ்கோர்.

அன்று மொத்தம் 19 டச்டவுன்கள். மேற்கு வர்ஜீனியாவின் குவார்ட்டர்பேக் ஜீனோ ஸ்மித் வீசிய 51 பாஸ்களில் 45 சரியாகப் போய்ச் சேர்ந்தன. 656 யார்டுகள், 8 டச்டவுன்கள். எதிரணியின் நிக் ஃபுளோரன்ஸும் 581 யார்டுகள் எறிந்தார். பாஸைத் தடுக்க வேண்டியவர்கள் தூங்கிக்கொண்டா இருந்தார்கள்? இல்லை. அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இந்த விளையாட்டில் தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே வீரர்கள் வட்டமாகக் கூடி அடுத்த திட்டத்தைப் பேசுவது பழைய வழக்கம். இதற்கு ஹடில் என்று பெயர். இந்த இடைவெளியால் டிஃபென்ஸுக்கும் பெரிய லாபம். பயிற்சியாளரின் சைகையைப் பார்க்கலாம். எந்த ரிசீவரை யார் பிடிப்பது என்று பேசிக்கொள்ளலாம். களைத்தவரை வெளியே அனுப்பி, பாஸைத் தடுக்க இன்னொரு கார்னர்பேக்கை உள்ளே கொண்டுவரலாம்.

இந்த இடைவெளியைப் பறித்துவிட்டால்?

1989ல் அயோவா வெஸ்லியன் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்த ஹால் மம்மியும் மைக் லீச்சும் வளர்த்தெடுத்த பாணிக்கு 'ஏர் ரெய்டு' என்று பெயர். திட்டங்கள் கொஞ்சம்தான், பயிற்சி அதிகம். ரிசீவர்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்துவார்கள். திட்டங்கள் குறைவு என்பதால் கூடிப் பேசவே தேவையில்லை, அடுத்த ஆட்டத்தை உடனே தொடங்கலாம். லீச் இதை 2000 முதல் 2009 வரை டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நடத்திக் காட்டினார்.

2008ல் விதியும் உதவிக்கு வந்தது. அதுவரை நடுவர் சைகை காட்டிய பிறகே 25 வினாடிக் கடிகாரம் ஓடும். அந்த ஆண்டு முதல், ஒரு ஆட்டம் முடிந்த உடனே 40 வினாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. நடுவர் பந்தைத் தரையில் வைத்தால் போதும், தாக்கும் அணி புறப்படலாம். அந்த அணி ஆள் மாற்றினால் மட்டுமே, டிஃபென்ஸும் ஆள் மாற்ற நடுவர் நேரம் தருவார். மாற்றாவிட்டால் களைத்த அதே பதினொரு பேர் நிற்க வேண்டியதுதான். அந்த சீசனில் ஹடில் இல்லாமல் ஆடிய ஓக்லஹோமா 14 ஆட்டங்களில் 716 புள்ளிகள் குவித்தது.

மேற்கு வர்ஜீனியா கதைக்குத் திரும்புவோம். வேகம் இருபுறமும் வெட்டும் கத்தி. ஒரு நிமிடத்தில் டச்டவுன் அடித்தாலும், மூன்று பாஸ்கள் வீணாகிப் பந்தை இழந்தாலும், சொந்த டிஃபென்ஸ் உடனே மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். டிஃபென்ஸ் பயிற்சியாளர்களும் அந்த ஆண்டு புதியவர்கள். 5 வெற்றிகளோடு தொடங்கிய அணி, டெக்சாஸ் டெக்கிடம் 49-14 என்றும் கேன்சஸ் ஸ்டேட்டிடம் 55-14 என்றும் தோற்றது. நவம்பர் 17ல் ஓக்லஹோமாவின் லாண்ட்ரி ஜோன்ஸ் 554 யார்டுகள் எறிய, 50-49 என்று தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்த அணி 7-6 என்று சீசனை முடித்தது.

பலவீனமான அணிகளுக்குத்தான் இந்தக் கதி என்று சொல்ல முடியாது. 2011லும் 2012லும் தேசிய சாம்பியனான அலபாமாவுக்குப் பெயரே டிஃபென்ஸால்தான். 2013 செப்டம்பர் 14ல் அது டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 49-42 என்று வென்றது. ஆனாலும் ஜானி மன்ஸீல் அதற்கு எதிராக 464 யார்டுகள் எறிந்தார்.

அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் 2012லேயே இந்த வேகத்தைக் கேள்வி கேட்டிருந்தார். 2014 தொடக்கத்தில், கடிகாரத்தின் முதல் 10 வினாடிகள் டிஃபென்ஸ் ஆள் மாற்றுவதற்கே என்ற விதித் திருத்தம் முன்வைக்கப்பட்டது. களைத்த மாணவர்களுக்குக் காயம் ஏற்படும் என்றார்கள் ஆதரித்தவர்கள். அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள் எதிர்த்தவர்கள். மார்ச் மாதம் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. அதே ஆண்டு அலபாமாவே லேன் கிஃபினை அழைத்து வந்து தன் தாக்குதலின் வேகத்தைக் கூட்டியது!

ஸ்கோரைப் பார்த்து டிஃபென்ஸைத் திட்டுவது சுலபம். ஆட்டங்களின் எண்ணிக்கை கூடினால் விட்டுக்கொடுக்கும் யார்டுகளும் கூடும். ஆகவே ஒரு போட்டிக்கு எத்தனை யார்டு என்று பார்ப்பதைவிட, ஒரு ஆட்டத்துக்கு எத்தனை யார்டு என்று பார்ப்பதே நியாயமான கணக்கு. மார்கன்டவுனில் அன்று ரிசீவர்களைத் துரத்தியவர்களும் கல்லூரி மாணவர்கள்தான். அவர்களுடைய திறமையை எடைபோடும் முன், எத்தனை வினாடி ஓய்வு கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.