மறந்துவிடாதே: ஸ்பானிய அலுவலகத்தில் ஏவல் வினை

ஸ்பானிய மொழியில் முன்னிலை ஒருமைக்கு இரண்டு சொற்கள். 'தூ' என்றால் நீ. 'உஸ்தெத்' என்றால் நீங்கள். நம்மைப் போலத்தானே என்று தோன்றும். ஆனால் நாம் 'நீ' என்று சொல்லத் தயங்கும் இடங்களில் அவர்கள் கூசாமல் 'தூ' என்பார்கள். ஸ்பெயினின் பெரும்பாலான அலுவலகங்களிலும், மெக்சிகோவின் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றிலும் சக ஊழியர் 'தூ'தான். பல சமயம் மேலாளரும் அப்படியே. அங்கே அன்றாட நினைவூட்டல்கள் 'தூ'வுக்குரிய ஏவலில் வருவதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

உடன்பாட்டு ஏவல் எளிது. 'மாந்த' என்றால் 'அவன் அனுப்புகிறான்'. அதே சொல்தான் 'அனுப்பு' என்ற கட்டளையும். 'ரெவீச' (சரிபார்), 'அவீச' (தகவல் சொல்), 'குவார்த' (சேமி) எல்லாம் இதே வழி. எட்டு வினைகள் மட்டும் இந்த வழியை விட்டு ஓரசையாகச் சுருங்கி நிற்கும்: 'தி' (சொல்), 'ஆஸ்' (செய்), 'வெ' (போ), 'வென்' (வா), 'போன்' (வை), 'தென்' (வைத்துக்கொள்), 'சால்' (வெளியேறு), 'செ' (இரு). நம்முடைய வா, போ, வை போலத்தான். மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

சிக்கல் எதிர்மறையில். 'அனுப்பாதே' என்பதற்கு 'நோ மாந்த' என்று சொல்ல முடியாது. 'நோ மாந்தெஸ்' என்று விகுதி மாறும். விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்லும் வினை வடிவம் இது. ஏவலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சுட்டுகளும் முன்னால் தாவிவிடும். 'மாந்தமெலோ' (அதை எனக்கு அனுப்பு) என்பது 'நோ மெ லோ மாந்தெஸ்' ஆகிறது. ஒரு 'இல்லை'யைச் சேர்த்தால் நிபந்தனை தலைகீழாகிவிடும் என்று பழகிய எங்களைப் போன்ற நிரலர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான்.

நினைவூட்டலுக்கு இந்த எதிர்மறை இல்லாமல் முடியாது. 'நோ தெ ஒல்வீதெஸ்' என்றால் 'மறந்துவிடாதே'. இதைவிட நயமான ஒன்று உண்டு: 'நோ செ தெ ஒல்வீதெ'. இங்கே மறப்பவர் எழுவாய் அல்ல. மறக்கப்படும் வேலைதான் எழுவாய். 'அது உனக்கு மறந்து போகாமல் இருக்கட்டும்' என்பதாகப் பொருள். மறந்தவர் சொல்லும் சமாதானமும் இதே அமைப்பில் வரும்: 'செ மெ ஒல்விதோ', அதாவது எனக்கு மறந்து போயிற்று. 'நான் மறந்தேன்' என்று பழியை ஏற்காமல், நான்காம் வேற்றுமைக்குள் ஒதுங்கிக்கொள்ளும் இந்த வித்தையைத் தமிழருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிப்பவர்கள் திணறும் இடத்தில் நாம் சுலபமாக நுழைந்துவிடலாம்.

ஊருக்கு ஊர் வழக்கு மாறும். கொலம்பியாவின் பொகோதாவில் நண்பர்களுக்குள்கூட 'உஸ்தெத்' புழங்கும். அங்கே 'மாந்தெ' என்பதே பாதுகாப்பு. மெக்சிகோவில் இதே 'மாந்தெ'யைக் கேள்வியாகச் சொன்னால் 'என்ன சொன்னீர்கள்?' என்று பொருள். 'மந்தார்' என்ற வினைக்கு அனுப்புதல், கட்டளையிடுதல் என்று இரண்டு பொருள் உண்டு; 'உத்தரவிடுங்கள்' என்ற பழைய பணிவு அதில் ஒட்டியிருக்கிறது. புவெனோஸ் ஐரெஸில் 'தூ'வே கிடையாது, 'வோஸ்'தான். அங்கே அழுத்தம் கடைசி அசைக்குப் போய் 'மந்தா' ஆகும். 'நோ தெ ஒல்வீதெஸ்' மட்டும் அங்கேயும் அப்படியே செல்லும்.

கணினித் திரையில் இந்தத் தர்மசங்கடம் இல்லை. அங்கே 'குவர்தார்' (சேமித்தல்), 'அப்ரீர்' (திறத்தல்) என்று வினையின் பெயர் வடிவத்தையே பொத்தானில் எழுதிவிடுகிறார்கள். நீயும் இல்லை, நீங்களும் இல்லை. தமிழ்த் திரையில் 'சேமி', 'திற' என்று பகுதியையே எழுதுகிறோம். பேச்சில் ஏவலே கூர்மையாகத் தோன்றினால் அவர்கள் கேள்வியாக்கிவிடுவார்கள்: 'மெ மாந்தஸ் எல் இன்ஃபோர்மெ?' அறிக்கையை எனக்கு அனுப்புகிறாயா? நாம் 'அனுப்பறீங்களா?' என்று கேட்பதும் இதே காரணத்துக்குத்தான்.